மீன்கொத்தி உட்கார்ந்த கம்பி

புதன்கிழமைகளில் கீழே உள்ள மில்லில் மிளகாய் அரைப்பார்கள். அன்றைக்கு மாடியில் யாரும் பெயிண்ட் தொடக்கூடாது. ஈர வர்ணத்தின்மேல் மிளகாய்த்தூள் போய் ஒட்டிக்கொண்டால், பிறகு மாப்பிள்ளை தும்மிக்கொண்டேதான் தாலி கட்ட வேண்டியிருக்கும்.

கெடா மாநிலத்தில், கூலிம் ஊரின் பழைய கடைத்தெருவில் அந்த மில்லுக்கு மேல்மாடியில் சிவநேசனும் அவன் மனைவி ஜெயமலரும் டிசைன் ஸ்டூடியோ நடத்தினார்கள். மணமேடை, கோயில் திருவிழா அலங்காரம், கடைத் திறப்பு விழா வளைவு எல்லாம் செய்வார்கள். வரைவது, செதுக்குவது, நிறம் சேர்ப்பது சிவநேசன். எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியவேண்டும் என்பது ஜெயமலர். பொலிஸ்டைரின் கட்டிகளை வெட்டும் இயந்திரத்தை லோகேஸ்வரி அக்கா பார்த்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி. ஜெயமலரோடு பதினோரு வருஷம் ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்றவள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் ஜெயமலர் கட்டங்கள் போட்டிருந்தாள். 'பேச்சு, அளவு, படம், வெட்டு, பெயிண்ட், சரிபார்ப்பு, ஏற்று' என்று ஏழு கட்டங்கள். ஒரு பாகம் சரிபார்ப்பைத் தாண்டிவிட்டால் அதன்கீழ் சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்தபின் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. புதன்கிழமைக்கு நேரே நிரந்தரமாக எழுதியிருந்தது: 'மிளகாய். பெயிண்ட் இல்லை.'

இந்தப் பலகை வருவதற்கு முன்னால் ஸ்டூடியோ வேறு மாதிரி இருந்தது. சிவநேசன் கடைசி நிமிஷம்வரை மாற்றிக்கொண்டே இருப்பான். இரண்டு வருஷத்துக்குமுன் ஒரு கல்யாணத்தில், காலை நான்கு மணிவரை மணமேடை மயிலுக்குப் புதுப் பச்சை பூசிக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு மணப்பெண் வந்து சாய்ந்தாள். மயிலின் வால் அப்படியே அவள் பட்டுப்புடவையில் பதிந்துவிட்டது. அந்தப் பெண் மேடையிலேயே அழுதாள். விருந்துக்கு வந்திருந்த ஜெயமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு வாரம் தொழிற்சாலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மாடி ஏறி வந்தாள். அதற்குப்பின் யார் புடவையிலும் எதுவும் பதியவில்லை.

ஆனால் வீட்டில் வேறு ஒன்று பதிய ஆரம்பித்தது. அது என்ன என்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. அந்தப் புதன்கிழமைதான் அது வெளியே வந்தது.

பாடாங் மேஹா பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ரதம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மனுக்குப் பின்னால் ஐந்து தலை நாகம் படம் விரித்து நிற்கும். நடுத்தலைக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜெயமலர் மதியம் சாப்பாடு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, சிவநேசன் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தியால் கண்ணைச் சீவிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்றீங்க?"

"கண்ணு சரியில்ல மலர்."

"செவப்புக் கோடு போட்டாச்சு. தலையாட்டுனது நீங்கதான்."

"தலையாட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தா பல்லு வலிக்காரன் மாதிரி முழிக்குது."

"எனக்கு நம்ம பழைய சூப்பர்வைசர் மாதிரி தெரிஞ்சுது தம்பி," என்றாள் லோகேஸ்வரி, இயந்திரத்தை நிறுத்தாமலே. "சொன்னா மலரு கோவிச்சுக்கும்னு சும்மா இருந்தேன்."

"அக்கா, நீங்க சும்மா இருங்க. இது நாலாவது தடவ. ஒவ்வொரு தடவையும் பின்னாடி மூணு வேல நிக்குது. யான் ஊர்க் கல்யாண மண்டபத்துக்காரங்க அளவு எடுக்க வரச்சொல்லி ரெண்டு வாரமாச்சு."

சிவநேசன் கத்தியைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னதால்தான் அதிகம் வலித்தது. "இது ஸ்டூடியோவா பேக்டரியான்னு எனக்கே தெரியல மலர். ஒன் கட்டத்துக்குள்ள பாம்பு படுக்காது."

ஜெயமலர் சாப்பாட்டுப் பொட்டலங்களை மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் யாருடையது என்று பார்த்து, அவரவர் இடத்துக்கு நேராக வைத்தாள்.

"சரிங்க. இந்த ரதம் முடியட்டும். பழைய எடத்துல லைன் லீடர் வேல காலியா இருக்குன்னு போன வாரமே கூப்பிட்டாங்க. நான் பேக்டரிக்கே போயிடறேன்."

"கோவத்துல சொல்லாத."

"கோவம் இல்ல. அடுத்த வாரக் கடைசி ஞாயித்துக்கிழம காலைல ஒம்பது மணிக்குள்ள பதில் சொல்லணும். திருவிழா அதுக்கு மொத நாள் சனிக்கிழம முடிஞ்சிரும். கணக்கா இருக்கு."

அன்று மூன்று பேரும் நாசி லெமாக் சோற்றை மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறியது. லோகேஸ்வரிக்கு மட்டும் தும்மல் வந்தது. மற்ற இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு மிளகாய்தான் காரணம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது அவளுடைய நல்ல குணம்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. பேசவேண்டியதைப் பேசினார்கள். "பசை தீந்துருச்சு." "வாங்கியாச்சு." "லோரி வெள்ளிக்கிழம ஏழு மணிக்கு." "சரி." வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சாமி விளக்கு ஏற்றும்போது மட்டும் இருவரும் ஒன்றாக நின்றார்கள். என்ன வேண்டினார்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை லோரி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. ராத்திரி பெய்த மழையில் செம்பனை மட்டைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. கோயில் முற்றத்தில் கூழுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். கோயில் தலைவர் இருளப்பன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். சாமியின் ரதத்தையும் அவர்தான் அதே டிராக்டரில் இழுப்பார்.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. பாம்பு வந்துருச்சா? அலாமாக்! என்னா சைஸ்லா இது! போன வருஷம் வச்ச திருவாசி இதுக்குப் பக்கத்துல சோத்துத் தட்டு மாதிரில்ல இருக்கும்."

"சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே அண்ணே காப்பு?" என்றாள் ஜெயமலர்.

"ஆறுக்கு. ரதத்துல காப்பு கட்டியாச்சுன்னா முடிஞ்சுது. நாளைக்கு ஊர்வலம் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் ரம்பம், சுத்தியல், நெருப்பு எதுவும் அது மேல படக்கூடாது. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். ஒங்க வேலய அதுக்கு முன்னாடி முடிச்சிருங்க."

பாகங்களுக்கெல்லாம் ஜெயமலர் எண் போட்டிருந்தாள். ஒன்பது மணிக்குள் முதுகுக் கம்பம் ரதத்தின் பின்பக்கம் நின்றுவிட்டது. ஐந்து தலைகளும் அதன்மேல் ஏறின. சிவநேசன் ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தான். நடுத்தலையின் கண், பார்க்கிறவர்களை மிரட்டாமல் அவர்களுக்குப் பின்னால் வரும் ஏதோ ஆபத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதைத்தான் அவன் நான்கு தடவை சீவித் தேடியிருந்தான். ஜெயமலரும் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

லோரியில் வரும்போது வாலில் ஓரிடத்தில் பச்சை உரிந்திருந்தது. எந்தப் பச்சை என்று பார்க்க அவள் சிவநேசனின் வரைபடப் புத்தகத்தை எடுத்தாள். அதை அவள் சாதாரணமாகத் தொடமாட்டாள். அது அவனுடைய இடம். பச்சை எண்ணைத் தேடிப் பக்கங்களைத் தள்ளும்போது ஒரு படம் கண்ணில் பட்டது. மண்சாலைக்குக் குறுக்கே இரண்டு தூண், மேலே ஒரு கம்பி. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை. கம்பியின்மேல் ஒரு மீன்கொத்தி, அலகைத் தூக்கிக்கொண்டு, அந்த வழிக்கே சொந்தக்காரன்போல் உட்கார்ந்திருந்தது. கம்பி நடுவில் ஒரு சின்னப் பலகை. 'நாலு மீட்டர்' என்று அதையும் ஒழுங்காக வரைந்திருந்தான்.

"இது எங்க?" என்றாள்.

"அதா? அளவெடுக்க வந்தன்னைக்கு வரைஞ்சது. லயத்து வீடுங்களுக்குப் போற வழியில புதுசா போட்டிருக்காங்க. மணல் லோரி உள்ள பூந்து ரோட்டக் கெடுக்குதுன்னு. மீன்கொத்தி என்ன அழகா உக்காந்து..."

அவன் அங்கேயே நிறுத்திவிட்டான். இருவரும் ஒரே நேரத்தில் நாகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். தரையிலிருந்து நடுத்தலை உச்சிவரை நாலு மீட்டர் அறுபது.

ஜெயமலர் தன் கோப்பைத் திறந்தாள். 'அளவு' என்ற தாளில் 'ஊர்வலப் பாதை' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே அவள் கையெழுத்தில்: 'போன வருஷம் போலவே.' பக்கத்தில் ஒரு அழகான சரிக்குறி.

"அண்ணே, நான் போன்ல கேட்டப்ப பாதை பழையபடிதான்னு சொன்னீங்களே," என்றாள் இருளப்பனிடம்.

"பழைய பாதைதான் தங்கச்சி. அதுல என்ன?"

"நடுவுல கம்பி போட்டிருக்காங்களாமே?"

இருளப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஐயோ. போட்டு நாலு மாசம் ஆவுது. தெனமும் டிராக்டர்ல அதுக்குக் கீழதான் போறேன். தலைய நிமித்திப் பாத்தாத்தானே தெரியும்."

"சுத்திப் போக முடியாதா?" என்றாள் லோகேஸ்வரி.

"பெரிய ரோட்டால போனா ஒம்பது கிலோமீட்டர். சின்னப்புள்ளைங்க வெறுங்கால்ல நடக்குதுங்க. லயத்துல இப்ப பதினேழு வீடுதான். எல்லாம் நடக்க மாட்டாதவங்க. நம்ம அம்மாசி அண்ணன் காலு போயி மூணு வருஷம். கோயிலுக்கு வரமுடியாதவங்க கிட்டப் போறதுக்குத்தானே ரதம்? லயத்துக்குப் போகலன்னா இந்த அலங்காரமெல்லாம் யாருக்கு?"

"மானேஜர்கிட்டக் கேட்டுக் கம்பிய எடுக்க முடியாதா?"

"வெல்டிங் வச்சுப் போட்டது. எடுக்கணும்னா தலைமை ஆபீஸ் கடுதாசி வேணும். இன்னைக்கு வெள்ளிக்கிழம, கெடாவுல வெள்ளியும் சனியும்தானே ஆபீஸ் லீவு."

கூழ்ப்பானையில் அகப்பை சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில் முதலில் தேடுவது யார்மேல் தூக்கிப் போடலாம் என்பதைத்தான். இருவருக்கும் கைக்கெட்டிய தூரத்தில் அது கிடந்தது. பார்த்தும் சொல்லாதவன் என்று அவள் சொல்லலாம். பார்க்காமலே சரி போட்டவள் என்று அவன் சொல்லலாம். ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் அந்த முற்றத்தில் கொட்டியிருக்கும்.

"சரின்னு போட்டது நான்," என்றாள் ஜெயமலர்.

"பாத்தது நான்," என்றான் சிவநேசன்.

அம்மன் அந்தக் காலையில் வேறு எதுவும் செய்யவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளை அந்த வரிசையில் வரவைத்தாள். அது போதுமாயிருந்தது.

இருளப்பன் துண்டைத் தோளில் போட்டார். "தம்பி, வேற வழியில்ல. கழுத்துக்குக் கீழ ஒரு முழம் வெட்டிக் குள்ளமாக்கிரலாம். சாமி கோவிச்சுக்காது."

சிவநேசன் நாகத்தைப் பார்த்தான். "வெட்டுனா படம் எறங்கி அம்மன் முகத்த மறைச்சிரும் அண்ணே. கொஞ்சம் யோசிக்கணும்."

இந்த 'யோசிக்கணும்' என்ற வார்த்தைக்கு ஜெயமலர் பயப்படுவாள். அதற்கு ஆரம்பம் இருக்கும், முடிவு இருக்காது. அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ரதத்தின் பலகைமேல் வைத்து, ஒன்பதரையிலிருந்து ஆறுவரை கோடு போட்டாள். வேலையைப் பிரித்தாள். நான்கு மணிக்கு நேரே 'மழை' என்று எழுதி ஒரு மணி நேரம் ஒதுக்கினாள். பிறகு மேலே முதல் கட்டத்தைக் காட்டினாள். அதில் எதுவும் எழுதவில்லை.

"பதினோரு மணி வரைக்கும் இது ஒங்களுக்கு. நான் வந்து எட்டிப் பாக்கமாட்டேன். என்னாச்சுன்னு கேக்கமாட்டேன். யாரையும் கேக்கவும் விடமாட்டேன். பதினோரு மணிக்கு எது கையில இருக்கோ அதத்தான் செய்றோம். அதுக்கப்புறம் மாத்தக்கூடாது. சரியா?"

அவன் தாளைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவள் போட்ட கட்டங்களில் அவனுக்கென்று காலியாக விட்டது இது ஒன்றுதான். "சரி," என்றான். சொன்னபோது உள்ளே ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அவன் கோயில் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஜெயமலர் இருளப்பனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கம்பி இருக்கும் இடத்துக்குப் போனாள். காவல் கொட்டகையில் தோட்டத்துக் காவல்காரர் பாக் ஹாஷிம் இருந்தார். முன்னாள் போலீஸ்காரர், அறுபது தாண்டியவர். விஷயத்தைக் கேட்டதும், செம்பனைக் குலை வெட்டும் நீளக்கோலை எடுத்து வந்து தானே அளந்தார். பலகை நாலு மீட்டர் என்கிறது. ஆனால் மழை மண் சேர்ந்து சாலை மேடேறி, தடமும் குண்டும் குழியுமாக இருக்கிறது, ஆகவே மூன்று தொண்ணூறு என்று வைத்துக்கொள் என்று மலாயில் சொன்னார். பிறகு, தன் மகன் பக்கத்து மலாய்க் கிராமத்தில் லோரிப் பட்டறை வைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை மூடியிருந்தாலும் ஜும்மா தொழுகைக்கு முன்னால் திறக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அவள் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது மணி பத்தரை. மரத்தடியில் சிவநேசன் கையில் பென்சில்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தான். இருளப்பன் இரண்டு முறை அந்தப் பக்கம் போகப் பார்த்தார். லோகேஸ்வரி குறுக்கே நின்றாள்.

"எங்க போறீங்க அண்ணே?"

"தம்பி தூங்குதான்னு பாக்கப் போறேன்லா. கண்ண மூடிருக்கு."

"அது தூங்குனாலும் பதினோரு மணி வரைக்கும் தூங்கட்டும். அட்டவணைல இருக்கு. போயி ஒங்க பானையெல்லாம் எறக்குங்க."

இருளப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய், கூழ்ப் பானைகள் ஏற்றி வந்த பழைய லோரியின் பின்கதவைத் திறந்தார். பூட்டுக்கம்பியை உருவினார். கதவு கீல்மேல் திரும்பிச் சாய்ந்தது. பாதி சாய்ந்ததும் இரண்டு பக்கச் சங்கிலியும் விறைத்து அதை நிறுத்தின. அதன்மேல் பானையை வைத்து இறக்கினார். இறக்கி முடித்து, கதவைத் தூக்கி, கம்பியைச் செருகினார்.

சிவநேசன் எழுந்து வந்தான். "அண்ணே, இன்னொரு தடவ தெறங்க."

"எதுக்கு? பானை எறக்கியாச்சு."

"தெறங்க சொல்றேன்."

மூன்று தடவை திறந்து மூடச் சொன்னான். பிறகு நேராக ஜெயமலரிடம் வந்தான். மணி பதினொன்றாக எட்டு நிமிஷம் இருந்தது.

"வெட்டவேணாம் மலர். படுக்கவைக்கலாம். கம்பத்த ரெண்டு மீட்டர்ல அறுத்து, லோரிக் கதவுக் கீல் போட்டுருவோம். நிக்கிறப்ப பூட்டுக்கம்பி செருகியிருக்கும். ரோட்டுக் கம்பிகிட்ட வந்ததும் பூட்ட உருவிட்டா நாகம் பின்னால சாயும். சங்கிலி பாதியில புடிச்சுக்கும். தாண்டுனதும் கயித்த இழுத்து நிமித்திரலாம். காப்புக்கு அப்புறம் ரம்பமும் வேணாம், நெருப்பும் வேணாம்."

அவள் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். "பாதி சாஞ்சா எவ்வளவு வரும்? மூணு தொண்ணூறுக்குக் கீழ வரணும்."

"மூணு எண்பத்தஞ்சு."

"அஞ்சு சென்டி எடைவெளி பத்தாது. சங்கிலிய இன்னும் ரெண்டு கண்ணி நீளமா விடுங்க."

"விடலாம்."

அவ்வளவுதான். ஒன்பது நாளில் அவர்கள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

தலைகளை இறக்கி வைத்துவிட்டுக் கம்பத்தை லோரியில் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாக் ஹாஷிமின் மகன், பழைய லோரி ஒன்றிலிருந்து கீல்களைக் கழற்றிக் கொடுத்தான். கம்பத்தை அறுத்துக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனான். அந்த நேரத்தில் லோகேஸ்வரி ஐந்து தலைகளின் விளக்குக் கம்பிகளையும் சாய்வுக்கு ஏற்றபடி நீளமாக விட்டுக் கட்டினாள். இரண்டரைக்கு ஹாஷிமின் மகன் வெல்டிங் பெட்டியோடு கோயிலுக்கே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த எல்லைவரை வரலாம் என்று கேட்டான். ரதம் நிற்கும் இடம்வரை வரலாம் என்றார் இருளப்பன். ஒரு டம்ளர் கூழும் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

நான்கு மணிக்கு மழை வந்தது. கெடாவில் அந்த மாதத்து மழை, யாரோ வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டும். ரதத்தின்மேல் கான்வாஸை இழுத்துப் போட்டார்கள். அதன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சிவநேசனும் ஜெயமலரும் நாகத்தின் வாலுக்குக் கீழே ஒண்டி நின்றார்கள்.

"மழைக்கும் கட்டமா போட்ட?" என்றான். சிரிப்பு வந்தது அவனுக்கு.

"வரும்னு தெரிஞ்சதுதானே. வராட்டி ஒரு மணி நேரம் மிச்சம்."

கான்வாஸ் மூலையை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "அந்தக் கம்பியப் பத்தி அன்னைக்கே சொல்லியிருப்பேன் மலர். ஒன் தாள்ல எல்லாத்துக்கும் வரி இருக்கு. நீளம், அகலம், கரண்டு எங்க இருக்குன்னு. மீன்கொத்திக்கு வரி இல்ல. நான் பாத்ததுல அதுதான் பெருசா இருந்துச்சு. கம்பி அதோட சேந்து புத்தகத்துக்குள்ள போயிருச்சு."

"எனக்குக் கட்டம் இல்லாட்டிப் பயமா இருக்குங்க. அந்தப் பொண்ணு மேடையில அழுதது இன்னும் காதுல கேக்குது. கட்டத்த நெரப்பிட்டா ஒண்ணும் தப்பாகாதுன்னு நெனச்சேன். நெரப்புறதுதான் வேலன்னு ஆயிருச்சு. வந்து பாக்கல."

மழை கான்வாஸில் அடித்தது. அவன் மூலையை விட்டுவிடாமல் மறு கையால் அவள் தலையில் விழுந்த சொட்டைத் துடைத்தான்.

"கண்ணு நல்லாருக்கு," என்றாள் அவள். "நாலாவது தடவ சீவுனதுதான் நல்லாருக்கு. காலைலயே சொல்லணும்னு இருந்தேன்."

ஐந்தே முக்காலுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். நாகம் சாய்ந்தது. கோல் வைத்து அளந்தால் மூன்று எண்பது. நிமிர்த்தினார்கள். ஆறு மணிக்கு மேளம் தொடங்கியது. இருளப்பன் மஞ்சள் துணியை ரதத்தில் கட்டிவிட்டுக் கும்பிட்டார். இனி யாரும் எதையும் வெட்டவோ ஒட்டவோ முடியாது. ஜெயமலர் கோப்பை மூடினாள். சிவநேசனும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ரதம் புறப்பட்டது. வெயில் இறங்கி, செம்பனை வரிசைகளுக்கு நடுவில் சாய்ந்து விழுந்தது. உறுமி மேளம் முன்னால் போக, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக ஜனங்கள் நடந்தார்கள். கம்பி தெரிந்ததும் ஜெயமலர் ரதத்தின் பக்கம் வந்து நடந்தாள். பாக் ஹாஷிம் கம்பியின் சரி நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். சக்கரம் போக வேண்டிய தடத்தில் குழியை மண்ணால் நிரவி, ஓரத்தில் கல் வைத்து அடையாளம் போட்டிருந்தார். யாரும் சொல்லாமல் காலையிலேயே செய்திருக்கிறார்.

டிராக்டர் நின்றது. மேளம் நின்றது. சிவநேசன் ரதத்தின் பின்பக்கம் ஏறிப் பூட்டுக்கம்பியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நேற்றைய மழையில் இறுகியிருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். ஆனால் காப்பு கட்டியிருக்கிறது.

"மசகு!" என்று கீழேயிருந்து ஜெயமலர் கூப்பிட்டாள். அவளுடைய பையில் மசகு டப்பா இருந்தது. தாளில் எழுதியிருந்த கடைசி வரி அது. எட்டிக் கொடுத்தாள். அவன் விரலால் தடவி, மூச்சைப் பிடித்து, கம்பியை இடமும் வலமும் திருகினான். அது வழுக்கிக்கொண்டு வந்தது.

நான்கு பேர் கயிற்றை மெல்ல விட்டார்கள். ஐந்து தலை நாகம், களைத்தவர் சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல், நிதானமாகப் பின்னால் சாய்ந்தது. சங்கிலி விறைத்தது. இருளப்பன் இந்தத் தடவை தலையை நன்றாக நிமிர்த்தி, சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டே டிராக்டரை ஊர்ந்து நகர்த்தினார். நடுத்தலைக்கும் கம்பிக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி தெரிந்தது. தாண்டியது.

"இழுங்க!"

கயிறு இறுகியது. லயத்து வாசல்களில் காத்திருந்தவர்கள் கண்முன்னால், வேப்பிலைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவில், நாகம் எழுந்தது. முதலில் நடுத்தலை, பிறகு பக்கத்துத் தலைகள், அம்மனுக்குப் பின்னால் படம் முழுதாக விரிந்து நின்றது. கண்களில் விளக்கு எரிந்தது. உறுமி மறுபடி முழங்கிற்று. பிள்ளைகள் கத்தினார்கள்.

மூன்றாவது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாசி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். ரதம் அவர் முன்னால் நின்றபோது கன்னம் நனைந்திருந்தது. "படுத்து எந்திரிச்சு வந்திருக்கா என் தாயி," என்றார். "நாந்தான் எந்திரிக்க மாட்டேங்கிறேன்னு அவளே எந்திரிச்சுக் காட்டுறா."

இருளப்பன் டிராக்டரிலிருந்து குனிந்து சிவநேசன் காதில் சொன்னார்: "தம்பி, அடுத்த வருஷமும் இதே மாதிரி படுத்து எந்திரிக்கணும். யாராச்சும் கேட்டா நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு வச்சுக்குவோம்லா."

"பின்ன? பின்கதவ மூணு தடவ தெறந்தது நீங்கதானே அண்ணே."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஜெயமலர் தொழிற்சாலைக்குச் செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கைப்பையில் போட்டாள். சிவநேசன் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரிதான் கேட்டாள்.

"என்னான்னு போட்ட?"

"வரலன்னு போட்டேன்."

"நல்ல வேல. அந்தக் கேண்டீன் மீன் கறிக்காகவாச்சும் நீ போகக்கூடாது."

சிவநேசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள்கள் தளர்ந்ததை இருவரும் பார்த்தார்கள்.

பலகையில் ஏழு கட்டங்களும் அப்படியே இருந்தன. சிவப்புக் கோடும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காலிக் கட்டம் வந்திருந்தது, முடியும் மணி மட்டும் எழுதி. அளவுத் தாளையும் ஜெயமலர் புதிதாக அச்சடித்திருந்தாள். கடைசியில் கால் பக்கத்துக்குக் கோடு போடாத வெற்றிடம். அதன் தலைப்பு: 'வழியில் என்ன பார்த்தீர்கள்?'

அன்றே இருவரும் வேனில் யான் ஊருக்குப் போனார்கள், கல்யாண மண்டபத்துக்கு அளவெடுக்க. ஜெராய் மலையின் உச்சியை மேகம் மறைத்திருந்தது. இரண்டு பக்கமும் வயல்வெளி பச்சையாக விரிந்துகிடந்தது. சிவநேசன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "பாலம் வருது, மூணு டன்னுக்கு மேல போகக்கூடாதாம், எழுதிக்க," என்றான். அவள் எழுதினாள். பிறகும் அவள் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் தாளை வாங்கிப் பார்த்தான். வெற்றிடத்தில் பாலத்தின் எடைக்குப் பக்கத்தில் அவள் ஏதோ வரைந்திருந்தாள்.

"என்ன இது?"

"கொக்கு. வயல்ல நின்னுச்சு."

அவன் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். "மூணு காலு இருக்கே மலர்."

"ஒண்ணு வேலிக்கம்பு," என்றாள். "குடுங்க, நேரமாச்சு. அளவு எடுக்கலாம்."